முதல் வண்டியே பழைய வண்டியா? கொஞ்சம் இருங்க பாஸ்!

ஒரு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இன்னிக்கு எழுதப் போறது ரொம்ப நாளா மனசுல கிடக்கற மேட்டர். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

எங்க டீம்ல புதுசா ஒரு பையன் சேர்ந்திருக்கான். காலேஜ் முடிச்சு ஆறு மாசம் ஆகுது. வீடு பூந்தமல்லி கரையான்சாவடி. கையில இருக்கறது எல்.எல்.ஆர். மட்டும்தான். போன வாரம் டீ குடிக்கப் போனப்போ சொல்றான், "அண்ணா, ஆர்.எக்ஸ் 100 ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். ஒண்ணே கால் லட்சம் சொல்றாங்க. பெர்சனல் லோன் அப்ளை பண்ணிட்டேன்." முப்பது வருஷத்து வண்டிக்கு எவன் வண்டி லோன் தருவான், அதான் பெர்சனல் லோனாம். அதோட விட்டானா? "நீங்களே புல்லட் வச்சிருக்கீங்களே, நீங்க வந்து ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க"ன்னு என்னையே சாட்சிக்கும் கூப்பிடறான்.

"வேணாம்டா"ன்னு சொல்லிட்டேன். அவன் மூஞ்சி சுண்டிப் போச்சு. ஏன் வேணாம்னு டீ ஆறுறதுக்குள்ள சொல்லி முடியாது. அதான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.

முதல்லயே என் கட்சியைச் சொல்லிடறேன். பழைய வண்டி பக்கமே போகாதேன்னு சொல்ற ஆளு நான் இல்ல. நான் என் காசுல வாங்கின முதல் வண்டியே 1986 மாடல் புல்லட். நான் பொறக்கறதுக்கு பத்து வருஷத்துக்கும் மேல முன்னாடி ரோட்டுக்கு வந்த வண்டி. என் கட்சி என்னன்னா, பழைய வண்டி வாங்க ஆசைப்படறவன் முதல்ல வண்டியைத் தேடக் கூடாது. மெக்கானிக்கைத் தேடணும். ஆள் கிடைச்சா அப்புறம் வண்டி. கிடைக்கலையா, பேசாம ஷோரூமுக்குப் போய் புதுசு எடுத்துட்டு வந்துடணும்.

ஆர்.எக்ஸ் 100 மேல எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. 1985ல வந்து 1996ல நின்னு போன வண்டி. 98 சிசி, 11 குதிரைசக்தி, எடை 103 கிலோ. இந்த மூணு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாலே அது ஏன் அப்படிப் பறந்துச்சுன்னு புரிஞ்சிடும். அப்போ நம்ம ரோட்ல ஓடினது ராஜ்தூத், எஸ்டி, புல்லட், புதுசா வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100. அதுக்கு நடுவுல இது வந்து நின்னா பசங்க விடுவாங்களா?

சண்டை வண்டி மேல இல்ல, விலை மேல. பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மெக்கானிக் கடைப் பையன், கூரியர்காரர், பால் கேன் கட்டிட்டுப் போறவர்னு ஓட்டிட்டு இருந்த வண்டி இது. இன்னிக்கு புது ஸ்ப்ளெண்டரை விட அதிகமா கேக்கறாங்க. ஏத்தி விட்டது யாரு? நாமதான். பொட்டி தட்டற கூட்டம். மாசம் முதல் தேதி சம்பளம் வந்ததும் ரீல்ஸ்ல சைலன்சர் சத்தத்தைக் கேட்டுட்டு, "எவ்ளோன்னாலும் ஓகே ப்ரோ"ன்னு மெசேஜ் போடறவன் நம்மாளுதான். அந்த வண்டியை இருவது வருஷமா பிரிச்சு மாட்டின மெக்கானிக்கோட பையனால இன்னிக்கு அதை வாங்க முடியாது. இதுல எனக்கு நிஜமாவே வருத்தம் உண்டு.

சினிமாக்காரங்களுக்கும் இதுல பங்கு இருக்கு. 1973ல 'பாபி' படம் வந்து ராஜ்தூத் ஜிடிஎஸ்ஸுக்கே 'பாபி'ன்னு பேரு வந்த ஊரு இது. ஆனா நம்ம வெற்றிமாறன் 2007ல 'பொல்லாதவன்' எடுத்தப்போ ஹீரோ வாங்கினது புது பல்சர். ஒரு மிடில் கிளாஸ் பையனுக்கு முதல் வண்டின்னா என்னன்னு அந்தப் படத்துக்கு மேல யாரும் சொல்லல. அதுல எங்கயாவது கார்பரேட்டர் பத்தி பேச்சு வந்துச்சா? :)

"அந்தக் காலத்து இரும்பு சார், இப்போ வர்றதெல்லாம் பிளாஸ்டிக்"னு ஒரு வசனம் இருக்கு. பழைய வண்டி விக்கிற எல்லாரும் சொல்லுவாங்க. வாங்கப் போறவனும் தனக்குத் தானே சொல்லிக்குவான். 1986ல வெளிய வந்த வண்டிங்க எல்லாம் இன்னிக்கு எங்க? பெரும்பாலானது காயலான் கடைக்குப் போயி, உருகி, வேற எதுவாவோ ஆயிருக்கும். மிச்சம் நிக்கிறத மட்டும் பாத்துட்டு "அந்தக் காலத்து சாமானே சாமான்"னு சொல்றோம். தாத்தா 95 வயசு வரைக்கும் பீடி குடிச்சாருன்னு கதை சொல்ற மாதிரிதான் இதுவும்.

நம்ம தொழில் பாஷைல சொல்லணும்னா பழைய வண்டிங்கறது லெகசி கோடு. எழுதினவன் எப்பவோ வேலைய விட்டுப் போயிட்டான். டாக்குமெண்ட் கிடையாது. நடுவுல பத்து பேரு கைய வச்சிருக்கான், ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு ஒட்டு போட்டிருக்கான். ஆனா ப்ரொடக்ஷன்ல ஓடிட்டு இருக்கு. அதைப் புதுசா சேர்ந்த பையன் கையில தனியா குடுப்பீங்களா? பக்கத்துல ஒரு சீனியரை உக்கார வைப்பீங்க இல்ல? அந்த சீனியர்தான் மெக்கானிக்.

இப்போ விஷயத்துக்கு வரேன். நான் ஏன் வாங்கினேன், எனக்கு ஏன் சரிப்பட்டு வந்துச்சு?

என் புத்திசாலித்தனம் ஒண்ணும் இல்ல. நான் இருக்கற ஏரியா அப்படி. 1964ல அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்துச்சு. பாடில லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா. அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப். டன்லப் டயர் இப்போ அங்க செய்யறதில்ல, ஆனா பஸ் ஸ்டாப்புக்குப் பேரு இன்னும் டன்லப்தான். ஆவடில டேங்க் ஃபேக்டரி. இவங்களுக்கெல்லாம் ஜாப் ஒர்க் பண்றதுக்குன்னே எஸ்டேட் உள்ளயும் சுத்தியும் சின்னச் சின்ன லேத்துப் பட்டறைங்க முளைச்சுது. ஒரு ஷட்டர், ரெண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின், சுவத்துல சாமி படம், அதுக்குக் கீழ காலண்டர். மண்ணூர்பேட்டை, பட்டரவாக்கம் பக்கம் நடந்து போனா இன்னமும் கட்டிங் ஆயில் வாசனை வரும்.

பழைய வண்டிக்கு உயிர் குடுக்கறது இந்தப் பட்டறைங்கதான். என் வண்டில கிக்கர் ஷாஃப்ட் ஆடிட்டு இருந்துச்சு. ஜி.பி. ரோட்ல புஷ் வாங்கிட்டு வந்தா லூஸா இருக்கு, ஏன்னா ஷாஃப்டே தேஞ்சிருக்கு. என் மெக்கானிக் அண்ணன் அதைத் தூக்கிப் போட்டுட்டு, "எஸ்டேட்ல நம்மாளு இருக்காரு, போயி கன் மெட்டல்ல அடிச்சுட்டு வா"ன்னு அனுப்பினாரு. லேத்துக்காரர் ஷாஃப்டை வாங்கி மைக்ரோமீட்டர் வச்சு மூணு இடத்துல அளந்தாரு. "ரெண்டு தவ் விட்டுக்கட்டுமா?"ன்னு கேட்டாரு. தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. எனக்கு என்ன தெரியும், தலைய ஆட்டினேன். அரை மணி நேரத்துல புஷ் ரெடி. அந்த ஷாஃப்டுக்குன்னே அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி உக்காந்துச்சு.

சோழிங்கநல்லூர்ல இருக்கற என் ஃப்ரெண்டு ஒருத்தனும் புல்லட் வச்சிருக்கான். என்னுதை விட நல்ல கண்டிஷன். ஆனா இந்த மாதிரி ஒரு புஷ்ஷுக்கு அவன் லீவு போட்டுட்டு இவ்வளவு தூரம் வரணும். ரெண்டு வருஷத்துல அலுத்துப் போயி வண்டிய கவர் போட்டு மூடி வச்சுட்டான். வண்டில குத்தம் இல்ல, அவன் மேலயும் இல்ல. அவன் தெருவுல பட்டறை இல்ல, அவ்வளவுதான்.

அப்புறம் புல்லட்டுங்கறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல ஃபேக்டரி. அங்க இங்கிலாந்துல 1970லயே கடையைக் கட்டிட்டாங்க. இங்க அந்த காஸ்ட் அயர்ன் இன்ஜின் 2010ஐ ஒட்டிப் புது இன்ஜின் வர்ற வரைக்கும் அடிப்படைல பெருசா மாறாம ஓடிட்டே இருந்துச்சு. அரை நூற்றாண்டு! அதனால 1986 வண்டிக்கு 2005 வண்டியோட நிறைய சாமான் பொருந்தும். புதுப்பேட்டைல தேடினா எதாவது கிடைச்சுடும். மைசூர் ஐடியல் ஜாவா 1996லயே மூடியாச்சு. 2018ல ஜாவா, 2022ல எஸ்டின்னு திரும்ப வந்த வண்டிங்களுக்கும் அதுக்கும் பேரு மட்டும்தான் ஒண்ணு. உங்க பழைய ரோட்கிங்குக்கு அந்த ஷோரூம்ல ஒரு வாஷர் கூட வாங்க முடியாது. வண்டி அழகுதான், கிக்கரே கியர் லீவரா மாறுற அந்த ஐடியாவுக்கு நான் ரசிகன். ஆனா முதல் வண்டின்னா சாமான் கிடைக்கிறதா இருக்கணும்.

வீட்ல சும்மா விட்டாங்களான்னு கேப்பீங்க. அப்பா எச்.வி.எஃப்ல டி-72 டேங்க் கோத்தவர், ரிட்டயர்டு. இரும்பு பத்தி அவர்கிட்ட வாய் குடுக்க முடியாது. "டேய், எங்க ஷாப்ல ரெண்டு பேரு புல்லட் வச்சிருந்தாங்க. ரெண்டு பேரும் பாதி நாளு சைக்கிள்லதான் வந்தாங்க"ன்னாரு. வேற எதுவும் சொல்லல. அந்த ஒரு வரியிலேர்ந்து நான் எடுத்துக்கிட்ட பாடம், இதை நம்பி ஆபீஸ் போகக் கூடாதுங்கறது. வாரநாள்ல ஆவடியில எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி பட்டரவாக்கத்துல இறங்கறேன். சனி ஞாயிறு புல்லட். ஒன்பதரை மணி மீட்டிங்குக்கு ஒன்பது மணிக்கு கிக்கரை உதைக்கிறவனுக்கு இந்த வண்டி மேல வெறுப்புதான் வரும்.

வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் ஞாயித்துக்கிழமை தோறும் அந்த மெக்கானிக் கடைல போய் உக்காந்தேன். திருமுல்லைவாயல் தாண்டி ஒரு வேப்பமரத்தடி. ஆரம்பத்துல "என்ன சார், வண்டி எங்க?"ன்னு கேப்பாரு. "இன்னும் வாங்கலண்ணா, சும்மா பாக்க வந்தேன்"னா ஒரு மாதிரி பாப்பாரு. மூணாவது வாரம் ஸ்பேனர் எடுத்துக் குடுக்கச் சொன்னாரு. அஞ்சாவது வாரம் 'சார்' போயி 'தம்பி' ஆயிடுச்சு. எனக்கு இன்ஜினியரிங் டிகிரி தந்த சந்தோஷத்தை விட அது பெருசு, சத்தியமா.

அங்க கத்துக்கிட்டது ஒண்ணு சொல்றேன். டேப்பெட் அட்ஜஸ்ட் பண்றதுக்கு இன்ஜின் ஜில்லுன்னு இருக்கணும். மூடியக் கழட்டிட்டு, வால்வு ரெண்டும் மூடியிருக்கற இடத்துல இன்ஜினை நிறுத்தி, புஷ் ராடை ரெண்டு விரலால சுத்திப் பாக்கணும். சுலபமா சுத்தணும், ஆனா மேல கீழ ஆடக் கூடாது. கேஜ் கிடையாது, மீட்டர் கிடையாது, விரல்தான் அளவு. நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சேன், ஐ.சி. இன்ஜின் பேப்பர்ல நல்ல மார்க்கு. வால்வு கிளியரன்ஸ்னா என்னன்னு அன்னிக்குத்தான் விரல் நுனில தெரிஞ்சுது.

கிக் பண்றதும் அப்படித்தான். படத்துல ஹீரோ ஏறி உக்காந்து ஒரே உதை உதைப்பாரு. நிஜத்துல சாவியப் போட்டு, ஆம்ப் மீட்டர் முள்ளைப் பாத்துக்கிட்டே கிக்கரை மெதுவா அமுக்கணும். ஒரு இடத்துல கல்லு மாதிரி நிக்கும். அங்க டிகம்ப்ரசர் லீவரைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் நகத்தினா முள்ளு நடுவுக்கு வரும். லீவரை விட்டுட்டு, கிக்கரை மேல வர விட்டு, அப்புறம் முழுசா ஒரு உதை. டைமிங் தப்பா இருந்தா திருப்பி அடிக்கும். முட்டி, கணுக்கால் ரெண்டுக்கும் உத்தரவாதம் இல்ல.

சரி, இவ்வளவு பாடறியே, அந்தப் பையனை மட்டும் ஏன் வேணாம்னேன்னு கேளுங்க. சொல்றேன். 'முதல் வண்டி'ன்னு நாம சொல்றதுல ரெண்டு அர்த்தம் கலந்து கிடக்கு. முதல்ல வாங்கற வண்டி வேற, முதல்ல ஓட்டற வண்டி வேற. புல்லட் நான் முதல்ல வாங்கின வண்டி. ஓட்டக் கத்துக்கிட்டது அப்பாவோட டி.வி.எஸ். 50ல. அப்புறம் காலேஜ் முழுக்க சித்தப்பாவோட ஸ்ப்ளெண்டர். புல்லட்ல ஏறினப்போ சி.டி.எச். ரோட்ல ஷேர் ஆட்டோ எங்க திடீர்னு ஓரம் கட்டும், மழை பெஞ்சா எந்தப் பள்ளம் தெரியாதுன்னு உடம்புக்கே தெரியும். அந்தப் பையனுக்கு வாங்கறதும் அதுதான், ஓட்டிப் பழகப் போறதும் அதுதான். கியர் மாத்தவே கவனம் வேணுங்கற ஆளு, 103 கிலோ வண்டில 11 குதிரைசக்திய வச்சுக்கிட்டு, நிறுத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் டிரம் பிரேக்கு. பூந்தமல்லி டிரங்க் ரோடு. தண்ணி லாரி. வேணாம்னு சொல்லாம என்ன சொல்ல?

பிரேக் விஷயத்துல "மெதுவா போனா போச்சு"ன்னு ஒரு சமாதானம் உண்டு. போகாது. நாம மெதுவா போனாலும் முன்னாடி போறவன் கிட்ட ஏ.பி.எஸ். இருக்கு. 2019 ஏப்ரல்லேர்ந்து 125 சிசிக்கு மேல உள்ள புது வண்டி எல்லாத்துக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம், அதுக்குக் கீழ உள்ளதுக்கு ரெண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற சி.பி.எஸ். அவன் சட்டுன்னு நிப்பான். நாம நிக்க மாட்டோம். நான் எனக்கு முன்னாடி ஒரு பஸ் நீளம் இடம் விட்டுத்தான் போவேன். அந்த இடத்துல ரெண்டு ஸ்கூட்டி, ஒரு ஆட்டோ நுழையும். நுழையட்டும், திரும்பவும் பின்வாங்குவேன். ராத்திரில எடுக்கறதே இல்ல. அந்த ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி தேவலாம்.

என் வண்டில இன்னொரு வில்லங்கம். கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. முதல் கியர் மேல, மீதி மூணும் கீழ. பழகினா சுகம்தான். ஆனா அதுல மட்டுமே பழகினவன் நாளைக்கு ஃப்ரெண்டு வண்டிய எடுத்துட்டுப் போய் அவசரத்துல பிரேக்குன்னு நெனச்சு கியரை மிதிப்பான். ரெண்டும் கால்ல ஊறினவனுக்குத்தான் இந்த வண்டி. வலது கியர் புல்லட் தேடற புதுப் பசங்க லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது சாதா வண்டி ஓட்டிட்டு வாங்க. வண்டி எங்கயும் ஓடிடாது, நாப்பது வருஷமா நிக்கிறது இன்னொரு வருஷம் நிக்காதா?

காகிதம் பத்தி சுருக்கமா. இன்ஜின் எப்படி இருந்தாலும் சரி பண்ணிடலாம், ஆர்.சி. புக் சரியில்லன்னா கடவுளே வந்தாலும் முடியாது. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் நீங்களே குனிஞ்சு துடைச்சுப் படிச்சு ஆர்.சி.யோட ஒத்துப் பாருங்க. விக்கிறவர் காட்டற போட்டோவை நம்பாதீங்க. பழைய புக்கு ஆன்லைன்ல ஏறியிருக்கான்னு பாருங்க, ஏறலன்னா பேக்லாக் என்ட்ரிக்கு அலையணும். எப்பவோ கட்டி முடிச்ச ஃபைனான்ஸ் கம்பெனி பேரு இன்னும் ஆர்.சி.ல ஒட்டிட்டு இருக்கும், அந்தக் கம்பெனியே இப்போ இருக்காது. வேற மாவட்டம், வேற மாநில வண்டின்னா என்.ஓ.சி. இல்லாம அட்வான்ஸ் கூட குடுக்காதீங்க. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவு புதுப்பிக்கணும், பசுமை வரி தனி. 20 வருஷம் தாண்டின பைக்குக்குப் புதுப்பிக்கிற கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல ரெண்டாயிரம் ரூபாயா ஏத்தியாச்சு. "விண்டேஜ் சார்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2021ல வந்த விதிப்படி விண்டேஜுன்னா 50 வருஷம் தாண்டியிருக்கணும், அந்தப் பதிவுல தினசரி ஓட்டவும் முடியாது. எண்பதுகள்ல வந்த வண்டி சட்டத்துக்கு முன்னாடி வெறும் பழைய வண்டி.

பெட்ரோல் ஒரு புதுத் தலைவலி. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதுக்குத் தாங்கற ரப்பர், பைப் எல்லாம் 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வர்ற வண்டில இருக்கு. 1986ல எவன் எத்தனாலை நெனச்சுப் பாத்தான்? எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். வண்டிய மாசக்கணக்குல நிறுத்தி வச்சா டேங்க் அடியில தண்ணி, துரு. நான் பெட்ரோல் டியூப், கார்பரேட்டர் வாஷர்லாம் மாத்திட்டேன். டேங்க்கை ரொப்பி நிறுத்தறதில்ல, வாங்கினதை ரெண்டு மூணு வாரத்துல ஓட்டித் தீர்த்துடறேன்.

காசுக்கணக்கும் கேளுங்க. எக்ஸெல் ஷீட் போட்டு வச்சிருக்கேன், தொழில் தோஷம். 2021 கடைசில பட்டாபிராம்ல ஒரு பெரியவர்கிட்ட எண்பத்தஞ்சாயிரத்துக்கு வாங்கினேன். முதல் ரெண்டு வருஷத்துல போட்டது இன்னொரு அம்பத்திரெண்டாயிரம். போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன், பிக் எண்ட், முழு வயரிங், டயர் ரெண்டு. இதுவரைக்கும் ரோட்ல 11 தடவை நின்னிருக்கு. அதுல 9 தடவை கையில இருந்த சாமானை வச்சே கிளப்பிட்டேன். ஸ்பேர் பிளக், கிளட்ச் கேபிள், பாயிண்ட் செட், கண்டென்சர், ஃபீலர் கேஜ், கொஞ்சம் உப்புத்தாள். இந்த 9ங்கற நம்பர் அந்த வேப்பமரத்தடில சம்பாதிச்சது. அது இல்லன்னா 11 தடவையும் தள்ளிட்டுத்தான் வந்திருக்கணும். நூத்தி அறுபது கிலோவுக்கு மேல இருக்கற வண்டி, யோசிச்சுக்குங்க.

கடைசியா ஒண்ணு. இதான் என்னைத் தூங்க விடாத விஷயம். நான் சொல்ற இந்த ஃபார்முலா இன்னும் எத்தனை வருஷத்துக்குச் செல்லும்னு தெரியல. என் மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது தாண்டிடுச்சு. பாயிண்ட் கேப் வைக்கும்போது இப்போ என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ பாத்துச் சொல்லு, எனக்கு ரெண்டா தெரியுது"ங்கறாரு. அவர் பையன் டிப்ளமா முடிச்சுட்டு சி.என்.சி. மிஷின்ல இருக்கான், நல்ல வேலை, திரும்பி வர மாட்டான், வரவும் வேணாம். எஸ்டேட்ல பழைய ஷெட்டுங்களை இடிச்சுட்டுக் கண்ணாடிக் கட்டடம் வருது. எங்க ஆபீஸே அப்படி வந்ததுதான், இதுல நான் யாரைக் குத்தம் சொல்ல? மிச்சம் இருக்கற பட்டறைங்க சி.என்.சி.க்கு மாறுது. அவங்களுக்கு ஐநூறு பீஸ் ஆர்டர் வேணும். ஒத்தப் புஷ்ஷுக்கு யாரும் புரோகிராம் எழுத மாட்டான்.

அதனால நிஜமாவே ஆசை இருக்கறவங்க முதல்ல இந்த மாதிரி ஒரு கடைல போய் நாலு ஞாயித்துக்கிழமை உக்காருங்க. அம்பத்தூர், ஆவடி, பாடி பக்கம்னா இன்னும் ஆளு இருக்காங்க. கை கரியாகறது பிடிச்சிருந்தா வண்டி தேடலாம். பிடிக்கலன்னா ஒரு ரூபா செலவில்லாம தப்பிச்சீங்க.

போன மாசம் அந்த லேத்துக்காரர்கிட்ட வேற வேலையா போயிருந்தேன். அவர் மேஜை டிராயர்ல நாப்பது பக்க நோட்டு ஒண்ணு, ஓரமெல்லாம் எண்ணெய். உள்ள பென்சில்ல படம் போட்டு, புல்லட், ராஜ்தூத், எஸ்டின்னு ஒவ்வொரு வண்டிக்கும் எந்தப் புஷ் என்ன அளவு, எத்தனை தவ் விடணும்னு முப்பது வருஷமா எழுதி வச்சிருக்காரு. ஒரு பக்கத்துல என் வண்டி நம்பர் கூட இருந்துச்சு. "போன்ல படம் எடுத்துக்கோப்பா, பின்னாடி உனக்கு ஆவும்"னாரு. முப்பத்தெட்டுப் பக்கம். எல்லாத்தையும் எடுத்தேன்.

டிஸ்கி: ஆர்.எக்ஸ் ரசிகர் மன்றத்தினர் யாரும் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஆட்டோல வர வேண்டாம். ஆர்.எக்ஸ்லயே வாங்க, ஒரு ரவுண்டு குடுங்க, பேசித் தீத்துக்கலாம் :)